பூசைக்கு நிற்காதவன்

என் தங்கை புருஷனைக் கொன்றது நீங்கள்தான், பாஸ்டர் ஐயா.

சாயப்பட்டறை முதலாளிக்கும் இதில் பங்கு உண்டு. தொட்டிக்கு மூடி போடாமல் வைத்திருந்தவர் அவர். பட்டறை மாஸ்டருக்கும் பங்கு உண்டு. ஆனால் அவர்கள் இரண்டு பேரும் போலீஸ் ஸ்டேஷனில் போய் நின்றார்கள். கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னார்கள். சொல்ல முடியாத இடத்தில் தலையைக் குனிந்தார்கள். உங்களை மட்டும் இதுவரை யாரும் நிற்க வைத்துக் கேட்கவில்லை. நீங்கள் அன்றும் வெள்ளைச் சட்டையோடு மேடையில் நின்றீர்கள், இன்றும் நிற்கிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். எனக்கு அழகாக எழுத வராது. நான் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறவள். பீஸைத் திருப்பிப் பார்த்து, ஓட்டை இருந்தால் ஓட்டை என்று சொல்வது என் வேலை.

நாங்கள் தூத்துக்குடிப் பக்கத்துக் கிராமம். நானும் தங்கையும் அவள் புருஷனும் பிழைக்கத் திருப்பூருக்கு வந்தோம். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, அது வேறு கதை. வந்து இறங்கியபோது இங்கே எங்களுக்கு யாரையும் தெரியாது. வாடகைக்கு வீடு கிடைக்கும்வரை சபை ஹாலில் படுத்துக்கொள்ளச் சொன்னது நீங்கள். அது அப்போது ஒரு பழைய துணி குடோன். மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, கீழே பாய். உங்கள் வீட்டிலிருந்து குழம்பு கொடுத்தனுப்பினீர்கள். அதை நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் இந்தக் கோபம் இத்தனை நாள் நின்றிருக்காது.

பிறகு வீரபாண்டிப் பக்கம் ஒரு லைன் வீடு பிடித்தோம். நான் கம்பெனிக்குப் போனேன். தங்கை கைக்குழந்தையோடு வீட்டில் இருந்தாள். அவள் புருஷன் சாயப்பட்டறையில் சேர்ந்தான். என்னைவிட வயதில் சின்னவன். நான் அவனைத் தம்பி என்று கூப்பிடுவேன், அவன் என்னை மயினி என்பான், மதினியை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அதிகம் பேசமாட்டான். அவன் பேசாததையெல்லாம் அவன் கை பேசும். எத்தனை சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் மணிக்கட்டுவரை சாயம் போகாது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஸ்தோத்திரம் சொல்லிக் கையைத் தூக்கினால், அந்த வாரம் பட்டறையில் என்ன கலர் ஓடியது என்று சபைக்கே தெரிந்துவிடும். ஒரு வாரம் நீலம். ஒரு வாரம் மெரூன். நீங்களே மேடையிலிருந்து அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறீர்கள். அவனும் வெட்கப்பட்டுக் கையை இறக்கிவிட்டு, பிறகு மறுபடி தூக்குவான்.

ஆயுதபூசை எப்படி நடக்கும் என்று திருப்பூரில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. இதைப் படிக்கிற வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். வருடம் முழுக்க நிற்காத மெஷின் எல்லாம் அன்றைக்கு நிற்கும். கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைமரம் கட்டி, முதலாளி குடும்பத்தோடு வந்து பூசை போடுவார். எல்லாருக்கும் பொரி, கடலை, ஒரு ஸ்வீட். எங்களைப் போன்ற கிறிஸ்தவர்கள் பின்னால் நிற்போம். பொரியை இரண்டு கையாலும் வாங்குவோம். சிலர் தின்போம், சிலர் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவோம். முதலாளியும் கேட்கமாட்டார், சபையும் கேட்காது. அவனும் அப்படித்தான் ஒவ்வொரு வருடமும் நின்றான்.

அந்த வருடம்தான் நீங்கள் கேட்டீர்கள். ஆயுதபூசைக்கு முந்தின ஞாயிறு. விக்கிரகத்துக்கு முன்னால் நிற்கிறவனுக்கும் அதைக் கும்பிடுகிறவனுக்கும் வித்தியாசம் இல்லை என்று பிரசங்கம் செய்தீர்கள். கம்பெனியிலும் பட்டறையிலும் வேலை செய்கிறவர்கள் முன்னால் வாருங்கள் என்று கூப்பிட்டீர்கள். ஆண்கள் வரிசையாக வந்து நின்றார்கள். ஒவ்வொருவர் வாய்க்கு நேராகவும் மைக்கை நீட்டி, "இந்த வருஷம் நிற்க மாட்டேன் என்று கர்த்தருக்கு முன்பாகச் சொல்" என்றீர்கள். நான் எழுந்து போகவில்லை. எனக்கு முட்டி வலி. தவிர, எங்கள் கம்பெனியில் பொரியோடு தேங்காய்ச்சில்லும் நிறையப் போடுவார்கள்.

அவன் போனான். "நிக்க மாட்டேன்" என்றான். குரல் மைக்கில் கரகரத்தது. நீங்கள் அவன் தலையில் கை வைத்து ஜெபித்தீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் நான் சொன்னேன். "தம்பி, பின்னால நின்னுக்கிட்டு மனசுக்குள்ள ஆண்டவர நெனச்சாப் போதாதா? இத்தன வருசம் அப்படித்தான நின்ன?"

"மைக்குல சொல்லிட்டேனே மயினி."

தங்கை குழந்தைக்குச் சோறு பிசைந்துகொண்டே சிரித்தாள். "அவிய மைக்குல பேசினதே இதான் மொத தடவ யக்கா. கல்யாணத்துல சம்மதமான்னு சர்ச்சு ஐயர் கேட்டதுக்கே வாய்க்குள்ள முனங்கினாவ. பொண்ணு வீட்டுக்காரங்க நாங்கதான் சத்தமா ஆமான்னு சொன்னோம்."

அவனும் சிரித்தான். அந்த வாரம் அவன் கை பச்சை.

பூசை அன்றைக்கு எங்கள் கம்பெனியில் நான் பின்னால் நின்றேன். பூசை முடிந்தது. பொரி வாங்கினேன். பக்கத்து டேபிளில் வேலை செய்கிற ஒரு கவுண்டர் வீட்டுப் பெண் என்னை எப்போதும் வம்புக்கு இழுப்பாள்.

"ஏனுங்க்கா, பொரி தின்னா உங்க ஏசு சாமி கோவிச்சுக்க மாட்டாருங்களா?"

"அவரு மீனச் சுட்டுத் தின்னவரு. பொரிக்கா கோவிப்பாரு? நீ இன்னொரு கை போடு."

அவள் சிரித்துக்கொண்டே என் முந்தானையில் அள்ளிப் போட்டாள். அப்போது ஆபீஸ் பெண் ஓடி வந்தாள். எனக்குப் போன் என்றாள். போய் எடுத்தேன். யாரென்று தெரியாத ஒரு ஆண்குரல். "அம்மிணி, உங்க தங்கச்சி ஊட்டுக்காரரு தொட்டிக்குள்ள உழுந்துட்டாருங்க. பெரியாஸ்பத்திரிக்கு வாங்க."

என் வாயில் பொரி இருந்தது. அதை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் தோன்றவில்லை. பஸ் ஏறி ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்வரை அது வாயிலேயே நமத்துக் கிடந்தது. இன்றைக்கும் பொரியைப் பார்த்தால் எனக்கு அந்த நமத்த ருசிதான் வருகிறது.

என்ன நடந்தது என்பதைப் பிறகு மாஸ்டர் ஸ்டேஷனில் சொன்னார். அவனோடு போன இன்னொருவனும் சொன்னான். அவனும் நம் சபைப் பையன்தான், கல்யாணம் ஆனவன், அதே ஞாயிறு அதே மைக்கில் சொன்னவன். இருவர் சொன்னதும் ஒன்றாகத்தான் இருந்தது.

பூசைக்கு எல்லாரும் முன்பக்கம் கூடும்போது அவன் மாஸ்டரிடம் போயிருக்கிறான். "சார், பூசைக்கு நான் நிக்கல. சும்மா தனியாப் போயி நின்னா மொதலாளி தப்பா நெனப்பாரு. எதாச்சும் வேல இருந்தாக் குடுங்க, பாக்கேன்."

"அட, ஏனுங்க இது? பொரி வாங்கறதுக்குமா உங்க சாமி கோவிச்சுக்கும்?" என்று மாஸ்டர் கேட்டிருக்கிறார். "சேரி, பின்னால தொட்டீல பம்பு தண்ணி எடுக்க மாட்டேங்குது. பூசை முடிச்சுப் பாத்துக்கலாம்னு இருந்தேன்."

"நான் பாக்கேன் சார்."

அவ்வளவுதான். யாரும் அவனைத் துரத்தவில்லை. அவனாகக் கேட்டு வாங்கின வேலை. பூசைக்கும் நிற்கக் கூடாது, முதலாளி மனசும் நோகக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் தேடினான். அந்த இடம் தொட்டியாக இருந்தது. இந்த மாதிரித் தப்பை எங்கள் ஆட்களைத் தவிர வேறு யார் செய்வார்கள்? கும்பிடுகிறவன் முன்னால் நின்று கும்பிட்டிருப்பான். கும்பிடாத திமிர் பிடித்தவன் டீக்கடைக்குப் போயிருப்பான். மரியாதை தெரிந்த விசுவாசி ஒருவன்தான் வேலை கேட்டு வாங்கிக்கொண்டு பின்பக்கம் போவான்.

பட்டறையின் சாயக் கழிவெல்லாம் அந்தத் தொட்டியில்தான் சேரும். அடியில் சேறு. அழுகின முட்டை நாற்றம். அந்த நாற்றத்துக்கு எல்லாருக்கும் மூக்கு பழகிப்போயிருந்தது. அவன் இரும்பு ஏணியில் இறங்கினான். கூடப் போனவன் மேலே நின்றான். பாதி ஏணியில் அவன் கை விட்டுவிட்டது. கத்தவில்லை. ஒரு சத்தமும் இல்லை. அப்படியே போனான்.

மேலே நின்றவன் கத்தினான். வருடம் பூரா மெஷின் இரைச்சலில் பக்கத்தில் நிற்கிறவன் பேசுவதே கேட்காது. அன்றைக்கு ஒரு நாள்தான் பட்டறை அமைதியாக இருந்தது. கத்தினால் கேட்டிருக்க வேண்டும். ஆனால் முன்பக்கம் மணி அடித்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் சரவெடி. அவன் ஓடிப்போய்ச் சொன்ன பிறகுதான் ஆட்கள் வந்தார்கள்.

வந்தவர்களில் பாய்லர்காரர் ஒருவர். வெள்ளகோவில்காரர், வயதானவர். நெற்றியில் விபூதி, அதற்கு மேல் அப்போதுதான் வைத்த குங்குமம். துண்டை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு, இடுப்பில் கயிற்றைக் கட்டச் சொல்லி இறங்கினார். மூச்சு முட்டி மேலே வந்தார். மறுபடி இறங்கினார். அந்த இரண்டாவது தடவைதான் அவனைக் கட்டி மேலே அனுப்பினார். பிறகு அவரையும் தூக்கிக்கொண்டு போக வேண்டியதாகிவிட்டது. கடவுள் புண்ணியம் என்று எழுதக் கை வருகிறது, எழுதாமல் விடுகிறேன். அவர் பிழைத்தார்.

அவன் பிழைக்கவில்லை. தங்கையைப் பிணவறைக்குள் விட மறுத்தார்கள். வெளியே ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தபோது துணிக்கு வெளியே ஒரு கை தொங்கிற்று. பச்சைக் கை. அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை. "இன்னும் சாயம் போவலயே" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

ஊருக்குக் கொண்டுபோன வேனில் நீங்களும் எங்களோடு வந்தீர்கள், ஐயா. வழியில் எங்கும் ஒரு வாய் டீகூடக் குடிக்கவில்லை. அதையும் நான் மறக்கவில்லை. ஆனால் கல்லறைத் தோட்டத்தில் நீங்கள் பேசினீர்கள். "இது தேவ சித்தம். விக்கிரகத்துக்கு முன்பாக நிற்க மறுத்த கால்கள் இன்று சிங்காசனத்துக்கு முன்பாக நிற்கின்றன" என்றீர்கள். ஊர் ஜனம் ஆமென் சொன்னது. நானும் வாய்ப்பழக்கத்தில் ஆமென் சொன்னேன்.

தங்கை என் பக்கம் திரும்பினாள். "யக்கா, அப்போ ஆண்டவரா கொன்னாரு?"

நாங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் பாட்டுப் பாடி வளர்ந்தவர்கள். இப்படி ஒரு வாக்கியத்தை வீட்டில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. "வாய மூடுட்டி" என்றேன். அவள் மூடிக்கொண்டாள். பிறகு ரொம்ப நாளைக்குத் திறக்கவேயில்லை.

திருப்பூருக்குத் திரும்பி வந்தோம். எங்கள் வீட்டில் ஜெபிக்காமல் யாரும் சோற்றில் கை வைக்கமாட்டோம். உட்கார்ந்து, கண்ணை மூடி, நன்றி சொல்லிவிட்டுத்தான் சாப்பாடு. தங்கை நின்றுகொண்டே சாப்பிட ஆரம்பித்தாள். அடுப்பு மேடைப் பக்கம் போய், தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி வேகமாக அள்ளிப் போடுவாள். உட்கார்ந்தால் ஜெபிக்க வேண்டும். அதனால் உட்காரவில்லை. இதை நான் கண்டுபிடிக்கவே சில நாள் ஆயிற்று. கேட்டதற்கு ஒருநாள் சொன்னாள்.

"புருசனும் போயி, ஆண்டவரும் போயிட்டா நான் எங்கன போவேன் யக்கா? யாருகிட்டப் பேச? கண்ண மூடினா, கொன்னவர்கிட்டப் போயி சோத்துக்கு நன்றி சொல்லுத மாதிரி இருக்கு."

எனக்குப் பயமாகிவிட்டது. புருஷன் செத்த துக்கம் ஒரு நாள் ஆறும் என்று எனக்குத் தெரியும். இது ஆறாது என்று தோன்றிற்று.

உபவாச ஜெபத்துக்கு வருகிற பெண்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஒருத்தி நல்லவர்களை ஆண்டவர் சீக்கிரம் எடுத்துக்கொள்வார் என்றாள். அப்படியென்றால் இங்கே உட்கார்ந்திருக்கிற நாமெல்லாம் யார் என்று கேட்டேன். இன்னொருத்தி, வீட்டில் அறிக்கை செய்யாத பாவம் ஏதாவது இருக்கும், யோசித்துப் பாருங்கள் என்றாள். பொரி தின்றவள் நான், செத்தவன் அவன், நீ கணக்குத் தெரியாமல் பேசுகிறாய் என்றேன். மூன்றாவது ஆள், அது ஆண்டவர் செய்ததில்லை, மனுஷனுக்கு ஆண்டவர் சொந்த இஷ்டம் கொடுத்திருக்கிறார், அதனால் வருகிறது இதெல்லாம் என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவன் சொந்த இஷ்டப்படி நடந்திருந்தால் பின்வரிசையில் நின்று பொரி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பான் அம்மா. அவன் செய்தது பாஸ்டர் இஷ்டம். அதற்குப் பிறகு அவர்கள் எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஸ்டேஷனில் கூப்பிட்டார்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். இன்ஸ்பெக்டர் முதலாளியை நிற்க வைத்துக் கேட்டார்.

"தொட்டிக்குள்ள விஷவாயு இருக்கும்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியுமுங்க."

"மூடி போட்டுத் தடுத்திருக்க முடியுமா, முடியாதா?"

"முடியுமுங்க."

"அப்பறம் ஏன் தடுக்கல?"

முதலாளி கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் எழுதச் சொன்னார். அது குற்றம். கையால் தள்ளிவிடத் தேவையில்லை. தெரிந்தும், முடிந்தும், தடுக்காமல் இருந்தாலே குற்றம். சட்டம் அப்படித்தான் சொல்கிறதாம்.

வீட்டுக்கு வந்து சாயங்காலம் முழங்கால் போட்டேன். ஆண்டவரே உமக்கு எல்லாம் தெரியும் என்று ஆரம்பித்தேன். சின்ன வயதிலிருந்து அப்படித்தான் ஆரம்பிப்பேன். உம்மால் எல்லாம் கூடும் என்று அடுத்தது. சொல்லி முடித்ததும் எனக்குள் இன்ஸ்பெக்டர் குரல் கேட்டது. தெரியுமா தெரியாதா. முடியுமா முடியாதா. அப்புறம் ஏன் தடுக்கவில்லை.

நான் நாத்திகம் பேசுகிறவள் இல்லை. ஒரு நாளும் ஜெபம் விட்டதில்லை. என் வாயால் நானே சொன்ன இரண்டு துதிகள் சேர்ந்து ஒரு போலீஸ் கேஸாக எனக்கு முன்னால் வந்து நின்றன. மூன்றாவது கேள்விக்கு முதலாளி தரையைப் பார்த்தார். ஆண்டவர் எதைப் பார்ப்பார்? நான் எழுந்து போய் முகத்தைக் கழுவினேன். அன்றைக்கு எனக்கும் உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை. அக்காவும் தங்கையும் ஆளுக்கொரு மூலையில் நின்று தின்றோம்.

பிறகு ஒரு நாள் நீங்கள் வந்தீர்கள், ஐயா. மழை பெய்துகொண்டிருந்தது. லைன் வீட்டில் முன்னறை பின்னறை என்று என்ன இருக்கிறது, அடுப்படியிலேயே ஸ்டூல் போட்டு உட்கார வைத்தோம். வழக்கம்போல வேதத்தைத் திறந்தீர்கள். தங்கை, "அத மூடுங்க ஐயா" என்றாள். நான் அதிர்ந்துபோனேன். நீங்களும்தான். மூடினீர்கள்.

"ஐயா, அவிய உங்க வார்த்தையக் கேட்டுத்தான் போனாவ. கும்புட்டவங்க எல்லாரும் வீட்டுக்கு வந்துட்டாவ. கும்புடாதவிய வரல. பொட்டு வச்ச பெரியவரு ஒருத்தரு சாவுக்குள்ள ரெண்டு தடவ எறங்கினாரு. ஆண்டவரு ஒரு தடவயும் எறங்கல. ஏன் ஐயா?"

அவள் கத்தவில்லை. விறகுக் கடையில் விலை கேட்கிற மாதிரி கேட்டாள்.

நீங்கள் தேவ சித்தம் என்று ஆரம்பிப்பீர்கள் என்று நினைத்தேன். ஆரம்பித்திருந்தால் நான் ஸ்டூலைப் பிடுங்கியிருப்பேன். நீங்கள் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தீர்கள். துடைத்துக்கொண்டே, எங்கள் முகத்தைப் பார்க்காமல் சொன்னீர்கள்.

"எனக்குத் தெரியலம்மா. சத்தியமாத் தெரியல. நான் அன்னைக்கு அப்படிக் கேட்டிருக்கக் கூடாதோன்னு தோணுது. தூக்கமே வர மாட்டேங்குது."

அழுதீர்கள். ஜெபம் செய்யாமலே எழுந்து போனீர்கள். உங்களைத் தெரிந்த நாளிலிருந்து ஒரு வீட்டுக்கு வந்து ஜெபிக்காமல் நீங்கள் போய் நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

நீங்கள் போன பிறகு தங்கை தட்டை எடுத்தாள். சோறு போட்டாள். வழக்கம்போல மேடைப் பக்கம் போவாள் என்று பார்த்தேன். போகவில்லை. தரையில் உட்கார்ந்தாள். கண்ணை மூடினாள். வாய் அசையவில்லை, ஆனால் கண் மூடியிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கண்ணைத் திறந்து, "அவருக்கும் தெரியலயாம் யக்கா" என்றாள். சொல்லிவிட்டுச் சாப்பிட்டாள்.

அத்தனை பிரசங்கமும் செய்யாததை அந்த ஒரு வார்த்தை செய்தது. ஆண்டவர் கொலைகாரர் இல்லை என்று நீங்கள் நிரூபிக்கவில்லை. தெரியாது என்று சொன்னீர்கள். அது போதும் என்று இருந்தது அவளுக்கு. தெரியாதவர்கள் மூன்று பேர் ஒரே அடுப்படியில் உட்கார்ந்திருந்தோம், அதில் ஒருவர் பாஸ்டர். அவள் இனிமேல் தனியாக இல்லை. சில வாரங்கள் அவள் உட்கார்ந்துதான் சாப்பிட்டாள்.

பிறகு சாட்சி ஞாயிறு வந்தது. நம் சபையில் மாதத்தின் கடைசி ஞாயிறு, ஆண்டவர் தங்களுக்குச் செய்த நன்மையைச் சொல்ல விரும்புகிறவர்கள் மேடைக்கு வரலாம். நோய் சுகமானவர்கள், வேலை கிடைத்தவர்கள் வருவார்கள். அன்றைக்கு, தொட்டிக்கு மேலே நின்றவன் வந்தான். கூடவே பொண்டாட்டி, புதுப்புடவையில்.

அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. உயிர் பிழைத்தவன் சந்தோஷப்படாமல் என்ன செய்வான்? ஆனால் அவன் சொன்னது என் காதில் இப்போதும் இருக்கிறது. "நான்தான் முதல்ல இறங்க வேண்டியது. என் செருப்பு வாரு அறுந்துபோச்சு. நான் குனிஞ்சு அதச் சரி பண்ணுதேன், அதுக்குள்ள அவன் இறங்கிட்டான். என் ஆண்டவர் என் செருப்பு வார அறுத்து என்னைக் காப்பாத்தினார்!"

அல்லேலூயா என்று சபை எழுந்து நின்று கை தட்டியது. என் தங்கை முன்வரிசையில் பாயில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பிள்ளை. அவளைச் சுற்றி எல்லாரும் எழுந்து நிற்க, அவள் மட்டும் கீழே இருந்தாள். கைதட்டல் அவள் தலைக்கு மேலே நடந்தது.

ஒரு செருப்பு வாரை அறுக்கத் தெரிந்தவருக்கு இன்னொரு செருப்பு வாரையும் அறுக்கத் தெரியாதா? கை தட்டிய ஒருவருக்கும் இது தோன்றவில்லை. உங்களைப் பார்த்தேன், ஐயா. நீங்கள் நிறுத்துவீர்கள் என்று நினைத்தேன். எங்கள் அடுப்படியில் கண்ணாடி துடைத்தவர் ஆயிற்றே, தெரியும் உங்களுக்கு.

நீங்கள் மைக்கை வாங்கினீர்கள். "ஒருவனைக் காத்ததும் அவர் சித்தம். ஒருவனை எடுத்துக்கொண்டதும் அவர் சித்தம். அவர் தவறு செய்யாதவர்" என்றீர்கள். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

நான் எழுந்தேன். முட்டி வலியெல்லாம் எங்கே போயிற்றோ. "ஐயா, எங்க வீட்டு அடுப்படியில என்ன சொன்னீங்க? அத இங்க சொல்லுங்க. தெரியலன்னு சொன்னீங்கள்லா? மைக்குல சொல்லுங்க" என்று கத்தினேன். பெண்கள் என் கையைப் பிடித்து இழுத்தார்கள். நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். பிறகு கீபோர்டு வாசிப்பவனைப் பார்த்தீர்கள். அவன் வாசிக்க ஆரம்பித்தான். சபை பாட ஆரம்பித்தது. நான் கத்திக்கொண்டேயிருந்தேன், எனக்கே கேட்கவில்லை. பட்டறை வாசலில் மணி அடித்தபோது பின்பக்கம் கத்தினவன் குரல் எப்படிக் கேட்டிருக்கும் என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்தது.

ஆராதனை முடிந்து வாசலில் என்னிடம் வந்தீர்கள். "சகோதரி, இதெல்லாம் சபையில பேசுறதில்ல. வீட்டுக்கு வாங்க, தனியா உட்கார்ந்து ஜெபிப்போம். விசுவாசத்துல புதுசா வந்தவங்க இருக்காங்க, இடறிப்போவாங்க" என்றீர்கள். புதுசாக வந்தவர்கள் இடறக் கூடாது. பழையவள் விழுந்து கிடக்கலாம். அன்றிரவே தங்கை மறுபடி தட்டோடு அடுப்பு மேடைப் பக்கம் போய் நின்றாள்.

பாய்லர்காரரைப் பார்க்கத் தங்கையும் நானும் ஒருதடவை போனோம். நன்றி சொல்ல. அவருக்கு இருமல் நிற்கவேயில்லை. உங்கள் சாமிதான் உங்களை இறக்கிற்றா ஐயா என்று தங்கை கேட்டாள். அவளுக்கு யாரைப் பார்த்தாலும் இப்போது இந்தக் கேள்விதான். அவர் சங்கடப்பட்டுச் சிரித்தார். "அட நீங்க ஒண்ணு அம்மிணி. சாமியெல்லாம் அப்ப எங்கீங்க ஞாபகம் வந்துது? கவுறு கெட்டியா இருக்குதான்னு மட்டும்தானுங்க பாத்தேன்." பிறகு, "எனக்குமே தெரியலீங்க, ஏன் எறங்குனேன்னு" என்றார். தங்கை அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். நீங்கள் பார்த்திருந்தால் அதற்கும் ஒரு பிரசங்கம் வைத்திருப்பீர்கள்.

இது நடந்து சில வருடம் ஆயிற்று. குடோன் இருந்த இடத்தில் இன்றைக்கு மாடி வைத்த சபை இருக்கிறது. நான் இன்னும் வருகிறேன். ஏன் வருகிறாய் என்று கேட்கிறார்கள். அவர் எனக்கும் ஆண்டவர், உங்களுக்கு மட்டும் எழுதிக் கொடுக்கவில்லை. அவரிடம் எனக்கிருக்கிற கேள்வியை அவரிடம் நேராகக் கேட்டுக்கொள்கிறேன், தினமும் கேட்கிறேன். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை. ஆனால் கீபோர்டை வாசிக்கச் சொல்லி என் வாயை அடைக்கவும் இல்லை. தங்கை வருவதில்லை. அவள் இப்போது கம்பெனிக்குப் போகிறாள். வீட்டில் அவள் இன்றும் நின்றுகொண்டுதான் சாப்பிடுகிறாள். பிள்ளையும் அவளைப் பார்த்து நின்றுகொண்டு சாப்பிடப் பழகிவிட்டது.

ஒவ்வொரு வருடமும் ஆயுதபூசைக்கு முந்தின ஞாயிறு நீங்கள் இன்னும் ஆட்களை முன்னால் கூப்பிடுகிறீர்கள். அவர்கள் கையைப் பார்க்கிறேன். நீலம், மெரூன், பச்சை. அவன் பெயரையும் சொல்கிறீர்கள், நிற்க மறுத்து ஜீவனை விட்டவன் என்று. தொட்டியைச் சொல்வதில்லை. பாய்லர்காரரைச் சொல்வதில்லை.

இந்த வருடமும் கூப்பிடப் போகிறீர்கள். கூப்பிடுவதற்கு முன்னால் எனக்குப் பதில் சொல்லுங்கள். வாசலில் வைத்து வேண்டாம், வீட்டுக்கு வந்து வேண்டாம். அவனிடம் மைக்கில் கேட்டீர்கள், அதனால் மைக்கில் சொல்லுங்கள். அவன் ஏன் செத்தான் என்று உங்களுக்குத் தெரியும் என்றால், என்ன தெரியும் என்று சபைக்கு முன்னால் சொல்லுங்கள், நான் வாயை மூடிக்கொள்கிறேன். தெரியாது என்றால், எங்கள் அடுப்படியில் சொன்னீர்களே, அதே வார்த்தையை அப்படியே சொல்லுங்கள். தங்கையை நான் எப்படியாவது கூட்டிக்கொண்டு வருகிறேன். முன்வரிசையில் உட்கார வைக்கிறேன். கீபோர்டுக்காரனை அன்றைக்கு வெளியே அனுப்பிவிட்டு, அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள், ஐயா.